குதிரைக்கு ஈடாக வந்த குழந்தை

இரவு நேரம். குதிரைகளில் வந்த கொள்ளைக்காரர்கள் ஒரு பண்ணைக்குள் புகுந்தார்கள். அவர்கள் பணத்தைத் தேடவில்லை. நகையைத் தேடவில்லை. ஓர் அடிமைப் பெண்ணையும் அவளுடைய கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அமெரிக்காவில் மனிதனை மனிதன் விலைக்கு வாங்கிய காலம் அது. ஆடு மாடுகளைத் திருடுவது போல அடிமைகளையும் திருடினார்கள். வேறு ஊருக்குக் கொண்டுபோய் விற்றால் நல்ல பணம் கிடைக்கும்.

பண்ணைக்காரரின் பெயர் மோசஸ் கார்வர். மிசௌரி மாநிலத்தில் டயமண்ட் என்ற சிற்றூருக்கு அருகே அவருடைய பண்ணை இருந்தது. தாயையும் பிள்ளையையும் தேடிவர அவர் ஓர் ஆளை அனுப்பினார். அந்த ஆள் திரும்பி வந்தபோது, கையில் குழந்தை மட்டும் இருந்தது. கக்குவான் இருமலால் அது சாகும் தறுவாயில் இருந்தது.

தேடிப் போனவருக்கு மோசஸ் கார்வர் ஒரு குதிரையைக் கூலியாகக் கொடுத்தார். ஒரு குதிரைக்கு ஈடாக அந்தக் குழந்தை வீடு வந்து சேர்ந்தது.

தாய் மேரி திரும்பவே இல்லை. அவள் என்ன ஆனாள் என்பது கடைசிவரை தெரியவில்லை.

அந்தக் குழந்தைதான் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். செத்துப்போன மண்ணுக்கு மறுபடியும் உயிர் கொடுத்த வேளாண்மை விஞ்ஞானி. கடவுளை நம்புகிறவன் ஒரு பிடி மண்ணைக்கூடப் பாழாக்கக்கூடாது என்று வாழ்ந்து காட்டிய கிறிஸ்தவர்.

செடி வைத்தியன்

ஜார்ஜ் பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. அடிமையின் பிள்ளைக்குப் பிறந்த நாள் எழுதிவைப்பவர் யார்? 1864ஆம் ஆண்டாக இருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். தந்தை பக்கத்துப் பண்ணையில் அடிமையாக இருந்தவர். மகன் முகத்தை அறியுமுன்னே விபத்தில் இறந்துபோனார்.

1865ல் மிசௌரியில் அடிமைகள் விடுதலை பெற்றார்கள். மோசஸ் கார்வருக்கும் அவர் மனைவி சூசனுக்கும் பிள்ளைகள் இல்லை. ஜார்ஜையும் அவன் அண்ணன் ஜிம்மையும் அவர்களே வளர்த்தார்கள்.

ஜிம் திடமானவன். வயலுக்குப் போனான். ஜார்ஜ் நோஞ்சான். அடிக்கடி காய்ச்சல் வரும். அதனால் அவனை வீட்டு வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். சமைப்பது, துவைப்பது, தைப்பது எல்லாம் கற்றுக்கொண்டான். எழுத்தும் படிப்பும் சூசன் அம்மாள் சொல்லிக் கொடுத்தார்.

வேலை முடிந்ததும் ஜார்ஜ் காட்டுக்குள் ஓடிவிடுவான். அங்கே யாருக்கும் தெரியாமல் ஒரு சிறு தோட்டம் வைத்திருந்தான். வாடிய செடி ஒன்று கண்ணில் பட்டால் விடமாட்டான். வேரோடு எடுத்து வந்து நடுவான். மண்ணை மாற்றுவான். வெயில் அதிகமா, தண்ணீர் அதிகமா என்று பார்ப்பான். சில நாளில் செடி நிமிர்ந்து நிற்கும்.

செய்தி பரவியது. அக்கம்பக்கத்துப் பெண்கள் தங்கள் நோய்கண்ட செடிகளை அவனிடம் கொண்டுவந்தார்கள். செடி வைத்தியன் என்று அவனுக்குப் பெயர் வைத்தார்கள். அப்போது அவன் பத்து வயதும் நிரம்பாத சிறுவன்!

பரணில் ஒரு ஜெபம்

பத்து வயது இருக்கும். ஒரு சனிக்கிழமை, மாவு அரைக்கக் கொண்டுபோவதற்காக ஜார்ஜ் களஞ்சியத்துப் பரணில் மக்காச்சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தான். பக்கத்துப் பண்ணை வெள்ளைக்காரச் சிறுவன் ஒருவன் வந்தான். மறுநாள் ஞாயிறு பள்ளிக்குப் போவதாகச் சொன்னான். அங்கே பாட்டுப் பாடுவார்கள், ஜெபம் செய்வார்கள் என்றான்.

ஜெபம் என்றால் என்ன என்று ஜார்ஜ் கேட்டான். அந்தச் சிறுவனுக்குத் தெரிந்த அளவு சொன்னான். அவன் போனதும் ஜார்ஜ் சோளப் பீப்பாயின் அருகில் முழங்கால் போட்டான். தனக்குத் தெரிந்தபடி ஜெபம் செய்தான்.

அன்று தொடங்கிய பழக்கம் சாகும்வரை நிற்கவில்லை. அவருடைய பக்தி மாதா கோயிலில் தொடங்கவில்லை. தானியத்தின் நடுவே தொடங்கியது!

பெயர் மாறியது

உள்ளூர்ப் பள்ளியில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு இடம் இல்லை. எட்டு மைலுக்கு அப்பால் நியோஷோ என்ற ஊரில் அவர்களுக்கென ஒரு பள்ளி இருந்தது. ஜார்ஜ் தனியே நடந்தான். போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. ஒரு கொட்டகையில் படுத்துத் தூங்கினான்.

காலையில் அந்த வீட்டு அம்மாள் அவனைக் கண்டார். அவர் பெயர் மரையா வாட்கின்ஸ். பிரசவம் பார்ப்பவர். துணி வெளுத்துப் பிழைப்பவர். பெயர் என்ன என்று கேட்டார். கார்வர் வீட்டு ஜார்ஜ் என்றான் சிறுவன். அடிமைகள் அப்படித்தான் சொல்வது வழக்கம்.

மரையா அம்மாள் அதை ஏற்கவில்லை. இனிமேல் ஜார்ஜ் கார்வர் என்றே சொல்லவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஒருவருக்குச் சொந்தமான பொருளாக வந்த சிறுவன், அன்று முதல் தன் பெயரைத் தானே சொல்லும் மனிதன் ஆனான். வாஷிங்டன் என்ற நடுப்பெயர் பிற்பாடு சேர்ந்தது.

அந்த அம்மாள் அவனைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். பள்ளிக்கூடம் வேலிக்கு அந்தப் பக்கம். இடைவேளை மணி அடித்ததும் ஜார்ஜ் வேலி தாண்டி ஓடிவருவான். துணி துவைக்க உதவுவான். மணி அடித்ததும் திரும்ப ஓடுவான்.

மூலிகைகளை அவனுக்கு அடையாளம் காட்டியவர் மரையா அம்மாள். ஒரு பைபிளும் கொடுத்தார். கற்றதையெல்லாம் உன் மக்களுக்குத் திருப்பிக் கொடு என்று புத்தி சொன்னார். பைபிளையும் அந்தப் புத்தியையும் கார்வர் சாகும்வரை விடவில்லை.

மூடிய கதவு

அதன் பிறகு ஊர் ஊராக அலைச்சல். சமையல் செய்தார். துணி வெளுத்தார். கிடைத்த பள்ளியில் படித்தார்.

1879ல் கான்சாஸ் மாநிலத்தில் போர்ட் ஸ்காட் என்ற ஊரில் இருந்தார். அங்கே ஒரு கறுப்பரை ஒரு கும்பல் இழுத்துச் சென்று கொன்றதை நேரில் கண்டார். உடனே அந்த ஊரைவிட்டு வெளியேறினார். அந்தக் காட்சி அவர் மனத்தைவிட்டு அகலவே இல்லை.

உயர்நிலைப் படிப்பு முடிந்தது. ஹைலண்ட் என்ற ஊரிலிருந்த கல்லூரிக்கு விண்ணப்பம் எழுதினார். இடம் உண்டு, வரலாம் என்று பதில் வந்தது. மகிழ்ச்சியோடு மூட்டை முடிச்சுடன் போய் நின்றார். கறுப்பர் என்று கண்டதும் இடம் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்!

வேறொருவராக இருந்தால் மனம் உடைந்து போயிருப்பார். கார்வர் கான்சாஸின் வறண்ட சமவெளிக்குப் போனார். புல் வேர் மண்டிய மண் கட்டிகளை வெட்டி அடுக்கி வீடு கட்டினார். நிலத்தைக் கொத்திப் பயிரிட்டார். மழை பொய்த்தால் மண் என்ன ஆகும் என்பதை அங்கே கண்ணால் கண்டார்.

ஓவியம் காட்டிய வழி

1890ல் ஐயோவா மாநிலத்தில் சிம்ப்சன் கல்லூரி அவருக்குக் கதவைத் திறந்தது. அங்கே ஓவியமும் இசையும் படித்தார். மற்ற மாணவர்களின் துணியை வெளுத்துச் சாப்பாட்டுக்குச் சம்பாதித்தார்.

அவர் வரைந்தவை பெரும்பாலும் செடிகளும் பூக்களும்தான். பார்த்தார் ஓவிய ஆசிரியை எட்டா பட். செடியை இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கும் பையன் தாவரவியல் படிக்கவேண்டும் என்று தோன்றியது. அந்த ஆசிரியையின் தந்தை ஏம்ஸ் நகரத்து வேளாண்மைக் கல்லூரியில் பேராசிரியர். அங்கே போகச் சொன்னார்.

1891ல் கார்வர் அங்கே சேர்ந்தார். அந்தக் கல்லூரியின் முதல் கறுப்பின மாணவர் அவர்தான். முதலில் மாணவர் சாப்பாட்டுக்கூடத்தில் அவரை உட்காரவிடவில்லை. கீழ்த்தளத்தில் வேலையாட்களோடு சாப்பிடச் சொன்னார்கள். போகப்போக எல்லோரும் அவருக்கு நண்பர்கள் ஆனார்கள். 1894ல் பட்டம் பெற்றார். 1896ல் மேற்பட்டமும் பெற்று, அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். 1893ல் சிகாகோவில் நடந்த உலகப் பொருட்காட்சியில் அவருடைய கள்ளிச்செடி ஓவியம் பாராட்டுப் பெற்றது.

நல்ல வேலை, நல்ல பெயர், கண்ணாடிக் கூடத்தில் அரிய செடிகள். இனி என்ன வேண்டும்?

அப்போது ஒரு கடிதம் வந்தது.

டஸ்கீகி அழைத்தது

கடிதம் எழுதியவர் புக்கர் வாஷிங்டன். அவரும் அடிமையாகப் பிறந்தவர்தான். அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்ற ஊரில், கறுப்பின மக்களுக்காக 1881ல் தொடங்கிய கல்விச்சாலையின் தலைவர் அவர். எங்கள் மக்கள் வறுமையில் கிடக்கிறார்கள், வாருங்கள் என்று கார்வரை அழைத்தார்.

மரையா அம்மாளின் சொல் கார்வருக்கு நினைவு வந்திருக்கவேண்டும். 1896ல் டஸ்கீகிக்குப் புறப்பட்டார். ஆண்டுக்கு 1,000 டாலர் சம்பளம். சில ஆண்டுகள் இருக்கலாம் என்று போனவர் 47 ஆண்டுகள் இருந்துவிட்டார்.

ஆராய்ச்சிசாலை எங்கே என்று பார்த்தார். அப்படி ஒன்றும் இல்லை. கருவிகளும் இல்லை. வாங்கப் பணமும் இல்லை.

மாணவர்களை அழைத்துக்கொண்டு குப்பைமேடுகளுக்குப் போனார்! உடைந்த பாட்டில்கள், பழைய ஜாடிகள், தகரம், கம்பி எல்லாவற்றையும் பொறுக்கி வந்தார்கள். பாட்டிலின் கழுத்தை அறுத்துக் குவளை ஆக்கினார். அப்படித்தான் டஸ்கீகியின் வேளாண்மை ஆராய்ச்சிசாலை பிறந்தது.

கடவுள் படைத்த எதுவும் வீண் இல்லை. வீணாக்குவது மனிதன்தான். இதுவே கார்வரின் முதல் பாடம்.

மண் ஏன் செத்தது?

அலபாமாவின் வயல்களைப் பார்த்த கார்வர் திடுக்கிட்டார். எங்கு பார்த்தாலும் பருத்தி. வீட்டு வாசற்படிவரை பருத்தி. காய்கறிக்கு ஒரு பாத்தி கிடையாது.

நிலம் பெரும்பாலும் வெள்ளைக்கார முதலாளிகளுடையது. உழுதவர்கள் வாரக் குடியானவர்கள். விதையும் கடன், உணவும் கடன். அறுவடையில் கடன் போக மிச்சம் இருப்பதில்லை. பருத்தி போட்டால்தான் கடன் கிடைக்கும். அதனால் ஆண்டு தவறாமல் பருத்தி, மறுபடியும் பருத்தி.

பருத்தி மண்ணின் சத்தை உறிஞ்சிக்கொண்டே போனது. திருப்பிக் கொடுப்பார் இல்லை. மழை வந்தது. மேல்மண்ணை அரித்துக்கொண்டு போனது. வயலில் ஆளை விழுங்கும் பள்ளங்கள் விழுந்தன. விளைச்சல் சுருங்கியது. குடியானவன் வயிறும் சுருங்கியது. மக்காச்சோள மாவு, கொழுப்பு இறைச்சி, பாகு இவைதான் தினமும் சாப்பாடு. சத்துக் குறைவால் வரும் தோல் நோய் தென் மாநிலங்களில் பலரைக் கொன்றது.

மண்ணுக்குச் செய்யும் கொடுமை மனிதனுக்குச் செய்யும் கொடுமையே என்று கார்வர் கண்டார். மண்ணை ஏமாற்றுகிறவன் தன் பிள்ளைகளை ஏமாற்றுகிறான். இது அவருக்கு விவசாயக் கணக்கு மட்டும் அல்ல, பாவ புண்ணியக் கணக்கும்கூட.

மருந்து என்ன?

அவர் சொன்ன மருந்து எளிமையானது. ஓர் ஆண்டு பருத்தி. அடுத்த ஆண்டு காராமணி அல்லது நிலக்கடலை போன்ற பயிர். சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் மாற்றிப் போடலாம்.

காராமணிச் செடியைப் பிடுங்கிப் பாருங்கள். வேரில் சிறுசிறு முடிச்சுகள் இருக்கும். அவற்றில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. அவை காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கின்றன. வேரும் தழையும் மண்ணில் மட்கினால் அந்தச் சத்து மண்ணுக்குச் சேரும். காசு கொடுத்து வாங்காத உரம்!

நிலக்கடலைக்கும் இதே குணம் உண்டு. நம் ஊரில் மணிலாக்கொட்டை என்று சொல்கிறோமே, அதேதான். அதன் தாயகம் தென் அமெரிக்கா. மண்ணுக்கும் நல்லது, வயிற்றுக்கும் நல்லது.

இரண்டாவது மருந்து மட்கு உரம். இலையுதிர் காலத்தில் காட்டில் இலைகள் குவிந்து கிடந்தன. குடியானவர்கள் தழையைக் கொளுத்தினார்கள். பிறகு கடன் வாங்கி உரம் வாங்கினார்கள். கொளுத்தாதே, சேர்த்துவை என்றார் கார்வர். இலை, சதுப்பு நிலத்துக் கருமண், தொழுவத்துச் சாணம் ஆகியவற்றை அடுக்கி மட்கவைக்கக் கற்றுக் கொடுத்தார். கையில் காசில்லாதவனும் செய்யக்கூடிய வழி அது.

மூன்றாவது, சரிவு நிலத்தை மேலும் கீழுமாக உழாமல் குறுக்கே உழுவது. ஓடும் மழைநீர் நின்று நிலத்தில் இறங்கும். மண் வீட்டிலேயே தங்கும்.

டஸ்கீகியின் சோதனை வயலில் முதலில் இவற்றைத் தாமே செய்து பார்த்தார். பாழ் நிலமாக இருந்த அந்த வயல் பச்சையானது. பார்த்தவர்கள் நம்பினார்கள்.

சக்கரம் பூட்டிய பள்ளிக்கூடம்

ஏழைக் குடியானவன் வேலையை விட்டுவிட்டுக் கல்லூரிக்கு வரமுடியுமா? முடியாது. அப்படியானால் கல்லூரி அவனிடம் போகட்டும்!

1906ல் ஒரு வண்டி தயாரானது. கோவேறு கழுதைகள் இழுத்தன. நல்ல ஏர், விதை, வெண்ணெய் கடையும் கருவி எல்லாம் அதில் இருந்தன. வண்டியின் அமைப்பை வகுத்தவர் கார்வர். செலவுக்குப் பணம் கொடுத்தவர் நியூயார்க் செல்வர் மோரிஸ் ஜெசப். ஓட்டிச் சென்று பாடம் நடத்தியவர் டஸ்கீகியில் படித்த தாமஸ் காம்ப்பெல். வண்டி கிராமம் கிராமமாகப் போனது. பின்னர் அதன் இடத்தில் மோட்டார் லாரி வந்தது.

படிக்கத் தெரிந்தவர்களுக்காகச் சிறு வெளியீடுகள் எழுதினார். நாற்பதுக்கு மேற்பட்டவை வெளிவந்தன. குடியானவர், ஆசிரியர், வீட்டுப் பெண்மணி ஆகிய மூவருக்கும் புரியும்படி எழுதினார். கடினமான சொல் கிடையாது. 1916ல் வந்த ஒன்றில் நிலக்கடலை பயிரிடும் முறையும் அதைச் சமைக்க 105 வழிகளும் இருந்தன. ஓக் மரத்துக் கொட்டையைக் கால்நடைத் தீவனமாக்குவது, காட்டுக் கீரைகளைச் சமைப்பது, காய்களை உலர்த்திச் சேமிப்பது எல்லாம் எழுதினார்.

வண்ணம் வாங்கப் பணம் இல்லையா? அலபாமாவின் குன்றுகளில் பல நிறக் களிமண் கிடக்கிறது. அதைக் கரைத்து வீட்டுக்கும் கோயிலுக்கும் பூசக் கற்றுக் கொடுத்தார். ஏழைக் குடிசையும் அழகாக இருக்கவேண்டும் என்பது அவர் ஆசை.

வண்டு வந்தது

பருத்திக் காயைத் துளைக்கும் ஒரு வண்டு மெக்சிகோவிலிருந்து வந்தது. 1892 வாக்கில் டெக்சாஸில் நுழைந்தது. பின்பு மாநிலம் மாநிலமாகப் பருத்தியை அழித்துக்கொண்டே கிழக்கே நகர்ந்தது. 1910 வாக்கில் அலபாமாவையும் தொட்டது.

பருத்தி ஒன்றையே நம்பியிருந்தவர்கள் தலையில் கைவைத்தார்கள். வேறு பயிர் போடு என்று கார்வர் இத்தனை நாளாகச் சொன்னதன் பொருள் அப்போது விளங்கியது. பலர் நிலக்கடலைக்கு மாறினார்கள். அலபாமாவில் எண்டர்பிரைஸ் என்ற நகரத்து மக்கள் 1919ல் அந்த வண்டுக்கே ஒரு நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். பருத்தியை விட்டுக் கடலைக்கு மாறவைத்து வாழ்வு தந்தது அதுதானே!

இந்த மாற்றம் கார்வர் ஒருவரால் வந்தது அல்ல. பலர் அதற்காக உழைத்தார்கள். ஆனால் கடலையைத் தின்பண்டமாக மட்டும் பார்த்த நாட்டுக்கு, அதைக் கொண்டு என்னென்ன செய்யலாம் என்று காட்டியவர்களில் அவரே முன் நின்றார். பால், மாவு, எண்ணெய், மை, சாயம், சோப்பு என்று நூற்றுக்கணக்கில் பட்டியல் நீண்டது.

பத்து நிமிடம்

1921ல் வாஷிங்டன் நகரில் பாராளுமன்றக் கமிட்டி ஒன்று கூடியது. வெளிநாட்டுக் கடலைக்கு இறக்குமதி வரி போடுவதா என்பது கேள்வி. கடலை வியாபாரிகள் தங்கள் சார்பில் பேசக் கார்வரை அனுப்பினார்கள்.

பழைய கோட்டு. சட்டையில் ஒரு பூ. கையில் ஒரு பெட்டி. அவருக்குப் பத்து நிமிடம் ஒதுக்கினார்கள். ஓர் உறுப்பினர் கறுப்பர்களைக் கேலி செய்யும் விதத்தில் குறுக்கிட்டார். கார்வர் கோபப்படவில்லை. பெட்டியிலிருந்து ஒவ்வொரு பொருளாக எடுத்து வைத்துச் சிரித்த முகத்தோடு விளக்கினார்.

பத்து நிமிடம் முடிந்தது. உறுப்பினர்கள் விடவில்லை. இன்னும் சொல்லுங்கள் என்றார்கள். வேண்டிய நேரம் எடுத்துக்கொள்ளலாம் என்று கட்டுப்பாட்டையே நீக்கிவிட்டார்கள். அவர் பேசி முடித்தபோது கைதட்டல் எழுந்தது. 1922ல் வந்த வரிச் சட்டத்தில் கடலைக்கும் வரி சேர்ந்தது.

அன்றுமுதல் நாடெங்கும் அவர் பெயர் பரவியது. ஆனால் அதே நாட்டில் அவர் ரயிலில் போனால் தனிப் பெட்டியில்தான் உட்காரவேண்டும். பல ஓட்டல்களில் அவருக்கு அறை கிடையாது.

அதிகாலை நாலு மணி

நாள்தோறும் நாலு மணிக்கு எழுவார். இருட்டோடு காட்டுக்குள் போவார். ஜெபம் செய்வார். செடிகளை, காளான்களை, கற்களைப் பார்த்துக்கொண்டே நடப்பார். ஒரு தகரப் பெட்டியில் மாதிரிகள் சேரும். பொழுது விடிந்ததும் ஆராய்ச்சிசாலை. அதைக் கடவுளின் சிறு பட்டறை என்று அழைப்பார்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரே கோட்டைப் பல ஆண்டு போடுவார். கிழிந்தால் தாமே தைப்பார். கழுத்துப்பட்டையைத் தாமே பின்னுவார். யாரோ அவிழ்த்து எறிந்த கயிற்றுத் துண்டுகளை முடிச்சுப் போட்டுச் சேர்த்துவைப்பார். சம்பளக் காசோலைகள் மாற்றப்படாமல் மேஜை அறையில் கிடக்கும்.

மாணவர்கள் சிலர் கேட்டுக்கொண்டதால் பைபிள் வகுப்பு ஒன்று தொடங்கினார். முப்பது ஆண்டுகள் நடத்தினார். கட்டாயம் இல்லை. ஆனாலும் கூடம் நிரம்பிவிடும். கையில் ஒரு செடியோ கல்லோ இருக்கும். அதைக் காட்டிப் படைப்பின் கதையைத் தொடங்குவார். வேதத்தைப் படிப்பதும் இலையைப் படிப்பதும் அவருக்கு ஒன்றுதான். இரண்டையும் எழுதியவர் ஒருவரே என்று நம்பினார்.

கேலியும் குறையும்

1924ல் நியூயார்க்கில் ஒரு தேவாலயத்தில் பேசினார். ஆராய்ச்சிக்குள் நுழையும்போது புத்தகத்தைக் கொண்டுபோவதில்லை, வழியைக் கடவுள் காட்டுகிறார் என்ற கருத்தில் பேசினார். நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை அவரைக் கண்டித்துத் தலையங்கம் எழுதியது. விஞ்ஞானி பேசும் பேச்சா இது என்று கேட்டது.

கார்வர் மனம் நொந்தார். பதில் எழுதினார். தாம் படித்த கல்லூரிகளையும் புத்தகங்களையும் குறிப்பிட்டார். படிப்பும் உழைப்பும் வேண்டும். அவற்றின் மேல் கடவுளின் தூண்டுதலும் வேண்டும் என்பதுதான் தம் கருத்து என்று விளக்கினார்.

குறையே இல்லாத மனிதர் அல்ல அவர். நிர்வாக வேலை அவருக்கு வராது. கோழிப் பண்ணையைச் சரியாகப் பார்க்கவில்லை என்று புக்கர் வாஷிங்டன் பலமுறை கடிந்துகொண்டார். கார்வரும் கோபித்துக்கொண்டு ராஜினாமா செய்வதாக எழுதுவார். புகழ் வந்தபோது கதைகளும் வளர்ந்தன. கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் அவர் என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். அது சரியல்ல. அவருக்கு முன்பே அது இருந்தது. அவர் பட்டியலிட்ட பொருள்களில் பல கடைக்கு வரவில்லை. காப்புரிமை பெற்றது மூன்றுக்குத்தான்.

ஆனால் அவருடைய பெருமை கடலைப் பட்டியலில் இல்லை. மண்ணைக் காப்பாற்று, வீணாக்காதே, இருப்பதைக் கொண்டு செய் என்று ஏழையின் வாசலுக்கே போய்ச் சொன்னாரே, அதில் இருக்கிறது.

காந்திஜிக்கு யோசனை

காந்திஜியின் நண்பரான தீனபந்து ஆண்ட்ரூஸ் 1929ல் டஸ்கீகிக்குச் சென்றார். அவர் வழியாகக் காந்திஜிக்கும் கார்வருக்கும் தொடர்பு ஏற்பட்டது. இறைச்சி உண்ணாத காந்திஜிக்கு ஏற்ற உணவுகளைப் பற்றிக் கார்வர் யோசனை சொன்னார். 1935ல் தம்முடைய வெளியீடுகளையும் அனுப்பிவைத்தார். ஏழை மக்கள் மலிவாகச் சத்துணவு பெறுவது எப்படி என்பதில் இருவருக்கும் ஒரே கவலை.

மண்ணோடு மண்ணாக

வயதான காலத்தில் கார்வருக்குப் படி ஏற முடியவில்லை. கார் உற்பத்தி செய்த ஹென்றி போர்டு அவருக்கு நண்பர். கார்வர் தங்கியிருந்த விடுதியில் ஒரு லிப்ட் வைத்துக் கொடுத்தார்.

சேமித்த பணத்தை என்ன செய்வது? வேளாண்மை ஆராய்ச்சிக்கென ஒரு நிதி நிறுவினார். தம் வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் அதற்கே எழுதிவைத்தார். அது சுமார் 60,000 டாலர். மாற்றாமல் போட்டுவைத்த காசோலைகளின் ரகசியம் அப்போது ஊருக்குத் தெரிந்தது!

1942ல் அவருடைய கடைசி வெளியீடுகளில் ஒன்று வந்தது. யுத்தக் காலம். உணவுத் தட்டுப்பாடு. களை என்று நாம் பிடுங்கி எறியும் செடிகளில் எதையெல்லாம் உண்ணலாம் என்று அதில் எழுதினார். எறியப்பட்டதை எடுத்து வாழவைப்பது கடைசிவரை அவர் தொழிலாக இருந்தது.

படியில் தவறி விழுந்து படுத்தார். 1943 ஜனவரி 5ஆம் தேதி காலமானார். தம்மை அழைத்து வந்த புக்கர் வாஷிங்டனின் சமாதிக்கு அருகிலேயே, டஸ்கீகி மண்ணில் அவரை அடக்கம் செய்தார்கள்.

அதே ஆண்டு ஜூலை மாதம் அமெரிக்க அரசு ஒரு தீர்மானம் செய்தது. அவர் பிறந்த பண்ணையைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தது. ஒரு கறுப்பருக்கு அந்த நாட்டில் அப்படி ஒரு கௌரவம் கிடைத்தது அதுவே முதல் தடவை.

இன்று அந்தப் பண்ணைக்குப் போனால், சிறுவன் ஜார்ஜ் ஓடித்திரிந்த காடும் ஓடையும் இருக்கின்றன. எந்தப் பண்ணையிலிருந்து அவனையும் தாயையும் திருடிப் போனார்களோ, அந்தப் பண்ணை இன்று அவன் பெயரில் நிற்கிறது.

ஒரு குதிரையின் விலைக்கு வந்த குழந்தை அது. யாரும் வேண்டாம் என்று ஒதுக்கும் செடியை எடுத்து நட்டது. குப்பையிலிருந்து பாட்டிலை எடுத்தது. செத்த மண்ணைத் தொட்டு எழுப்பியது. இவையெல்லாம் கடவுளுக்குச் செய்யும் ஊழியம் என்றே நினைத்தது.

நம் வீட்டு அடுப்படியிலும் தினமும் காய்த்தோல் விழுகிறது. வாசலில் இலை உதிர்கிறது. கொளுத்துவதா, குழியில் போட்டு மண்ணுக்குக் கொடுப்பதா? கார்வரைக் கேட்டால், காலை ஜெபத்துக்கு அடுத்த வேலை அதுதான் என்று காட்டியிருப்பார்.